கூண்டு வேண்டாம், குப்பைக் குழியை மூடுங்கள்

எங்கள் ஒன்றியத்தின் தனி அலுவலர், வனச்சரக அலுவலர், கால்நடை மருத்துவர் ஆகிய மூவருக்கும், கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டி மலையோரத்தில் வெள்ளாடு வளர்க்கும் ஒரு பெண் எழுதும் திறந்த மடல்.

கடந்த கிராம சபைக் கூட்டத்தில் இரண்டு முடிவுகள் வாசிக்கப்பட்டன. ஊருக்குக் கிழக்கே, கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளத்தில் தற்காலிகமாகக் கொட்டி வந்த குப்பையை இனி நிரந்தரமாக அங்கேயே கொட்டுவார்கள். சிறுத்தை நடமாட்டம் குறித்து வந்த புகார்களுக்காக அதே பள்ளத்தின் மேட்டில் ஒரு கூண்டு வைப்பார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் வாசித்தார்கள். நான் எழுந்து, "குப்பை இருக்கும்வரை சிறுத்தை வரத்தானே செய்யும்?" என்று கேட்டேன். "குப்பை வேறு துறை, சிறுத்தை வேறு துறை அம்மா" என்று பதில் வந்தது. கூட்டம் அடுத்த பொருளுக்குப் போய்விட்டது.

துறைகள் வேறாக இருக்கலாம். பள்ளம் ஒன்றுதான். அந்தப் பள்ளத்திலிருந்து என் ஆட்டுப்பட்டி அரைக் கிலோமீட்டர். சரணாலயத்தின் எல்லைக்கல் நடந்து போனால் பத்து நிமிடம். அதனால்தான் உங்கள் மூவரையும் ஒரே மடலில் சேர்த்து எழுதுகிறேன்.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு ஒரு கிடா போனபோது இழப்பீடு கேட்டு அலைந்தேன். எந்த மிருகம் கடித்தது என்று எப்படித் தெரியும் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அன்று முதல் எழுதுகிறேன்: தேதி, எந்த ஆடு, எங்கே கடி, என்ன மிச்சம், மண்ணில் என்ன தடம். இதுவரை 23 ஆடுகள் போயிருக்கின்றன. சிறுத்தை எடுத்தவை 9. நாய்கள் கடித்துக் கொன்றவை 12. மற்ற இரண்டும் செந்நாயாக இருக்கலாம். மழையில் தடம் அழிந்துவிட்டதால் நான் உறுதி சொல்ல மாட்டேன்.

எப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். சிறுத்தை தொண்டையைத்தான் பிடிக்கும். கழுத்து மயிரை விலக்கிப் பார்த்தால் இரண்டிரண்டாகப் பல் இறங்கிய துளைகள் இருக்கும், வெளியே ரத்தம் அதிகம் இராது. ஒன்றை எடுக்கும், இழுத்துக்கொண்டு போகும். காலையில் உன்னிச்செடிப் புதருக்குள் இழுத்த தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் உடல் கிடைக்கும். செந்நாய் கூட்டமாக வந்து பின்பக்கத்திலிருந்து கிழிக்கும். ஆடு விழுவதற்குள் குடல் வெளியே வந்திருக்கும், சிறிது நேரத்தில் எலும்பும் தோலும்தான் மிஞ்சும். நாய் கடித்தது இந்த இரண்டிலும் சேராது. காது கிழிந்திருக்கும், பின்னங்கால் தொடை நார்நாராகியிருக்கும், மடி பிய்ந்திருக்கும். சாப்பிட்டே இருக்காது. ஒன்று வேண்டி ஐந்தைக் கடிக்கும். போன மாசி மாதம் விடியற்காலையில் படலைத் திறந்தபோது, மூன்று ஆடுகள் செத்துக் கிடந்தன. நான்காவது, சினைப் பெட்டை, நின்றுகொண்டிருந்தது. தொடைச் சதை தொங்குகிறது, ஆனாலும் என்னைக் கண்டதும் கத்திக்கொண்டு என்னிடம் நடந்து வந்தது. அன்று மாலை அது செத்தது. பட்டி மூலையில் ஒரு வெள்ளைக் கோழி இறகு மிதிபட்டுக் கிடந்தது. எங்கள் வீட்டில் வெள்ளைக் கோழி இல்லை. அந்த நாய்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை.

பள்ளத்தில் குப்பை விழத் தொடங்கியது 2022-இல். நாய் கடித்த அந்த 12 ஆடுகளில் 11 அதற்குப் பிறகு போனவை. சிறுத்தை எடுத்த 9 ஆடுகளில் 7 அதற்குப் பிறகு போனவை. இது ஒரு வீட்டுக் கணக்கு. பக்கத்துப் பட்டிகளிலும் கேட்டுப் பாருங்கள்.

என்ன கொட்டுகிறார்கள் என்று நீங்கள் நேரில் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன். வீட்டுக் குப்பை பாதிகூட இராது. இறைச்சிக் கடைக் கழிவு, கல்யாண மண்டபத்து எச்சில் இலை, இவற்றுக்கு மேல் பண்ணைகளில் செத்துப்போகும் பிராய்லர் கோழிகள் தீவன மூட்டைச் சாக்குகளில் கட்டி வருகின்றன. சாக்கு வெயிலில் உப்பி வெடிக்கும். எங்கள் தெருவில் முன்பு எட்டோ பத்தோ நாய்கள் இருந்தன, எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. இப்போது பள்ளத்தில் ஒரு நேரத்தில் நாற்பதுக்குக் குறையாமல் நிற்கின்றன. அவற்றுக்கு வீடு இல்லை, பெயர் இல்லை, தடுப்பூசி இல்லை. குப்பை வண்டி வராத நாட்களில் கூட்டமாகக் காட்டுக்குள் போய் மான் குட்டியைத் துரத்துகின்றன. புள்ளிமானைத் துரத்தி ஓடையில் தள்ளிக் கொன்றதை இரண்டு முறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்த நாய்களைத் தின்னத்தான் சிறுத்தை வருகிறது. மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் (இப்போது அகில்யாநகர்) மாவட்டத்தில், அகோலே பகுதி வயல்களில் வாழும் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்தவர்கள், அவற்றின் உணவில் 87 விழுக்காடு வீட்டு விலங்குகள் என்றும், எல்லாவற்றிலும் அதிகமாக நாயே 39 விழுக்காடு என்றும் கண்டார்கள். ஆடு அதற்குப் பிறகுதான். நாய் திரளும் இடத்தில் சிறுத்தை நிற்கும், நாய் கிடைக்காத இரவில் பக்கத்துப் பட்டிக்கு வரும். பட்டியில் இருப்பது என் ஆடு.

எங்கள் ஊரில் மூன்று மொழி பேசுகிறோம். தமிழில் சிறுத்தை, தெலுங்கில் சிருத்த, கன்னடத்தில் சிரத்தெ. யார் வீட்டில் சொன்னாலும் அடுத்த வீட்டுக்குப் புரியும். அவ்வளவு காலமாக அது எங்களோடு இருக்கிறது. நான் பென்னாகரம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், ஒருநாள் காலை எட்டு மணி இருக்கும், மாமனாரோடு ஆடு ஓட்டிக்கொண்டு போனேன். பள்ளத்தை ஒட்டிய வேங்கை மரத்தில் ஒரு சிறுத்தை கவட்டையில் உட்கார்ந்திருந்தது. கீழே ஆறு செந்நாய்கள். குரைக்கவில்லை, விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம் மட்டும். சிறுத்தையின் வால் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மாமனார் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அரை மணி நேரம் கழித்துச் செந்நாய்கள் சலித்துப்போய் ஓடைப்பக்கம் இறங்கின. "பகல் அதுகளுக்கு, ராத்திரி இதுக்கு" என்றார். காட்டில் அவர்களுக்குள் இருந்த பங்கீடு எனக்குப் புரிந்தது அன்றுதான்.

அந்தப் பங்கீடுதான் இப்போது கலைந்துகொண்டிருக்கிறது. செந்நாய் காலையிலும் மாலையிலும் வேட்டையாடும், சிறுத்தை இருட்டில் நடமாடும். கழுதைப்புலி இரண்டும் விட்டுப்போனதைத் தேடி நள்ளிரவில் வரும். புலி இருக்கும் காட்டில் சிறுத்தை ஓரத்துக்கு ஒதுங்கும். ஒரே காட்டில் இத்தனை வேட்டை விலங்குகள் பிழைப்பது, நேரத்தையும் இடத்தையும் இரையையும் இப்படிப் பிரித்துக்கொள்வதால்தான். கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றும் அடர்த்தியாக வாழ்வதை ஆராய்ந்தவர்கள் சொன்ன முக்கியக் காரணம், அங்கே காட்டெருமை, கடமான், புள்ளிமான் என்று பெரியதும் சிறியதுமாக இரை நிறைந்திருக்கிறது என்பது. எங்கள் காடு வறண்ட காடு. இங்கே மான் அவ்வளவு இல்லை, அதனால் நேரத்தைப் பிரித்துக்கொள்வது இன்னும் முக்கியம்.

பகலை நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம். விறகு, மேய்ச்சல், குவாரி லாரி, விடுமுறை நாளில் மலைக்கு வரும் கார்கள், இப்போது குப்பை வண்டி. மனிதர் நடமாட்டம் கூடிய இடங்களில் பாலூட்டிகள் பகலை விட்டு இரவுக்கு நகர்கின்றன என்று 2018-இல் ஒரு பெரிய ஆய்வு, ஆறு கண்டங்களில் 62 விலங்கினங்களைப் பற்றிய 76 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, சொன்னது. அவை இரவில் இயங்குவது சராசரியாக 1.36 மடங்கு கூடியிருந்தது. எங்கள் ஊரில் இதைச் சொல்ல ஆய்வு வேண்டியதில்லை. செந்நாயின் விசிலை நான் இப்போது இரவு ஒன்பது மணிக்குப் பள்ளத்தின் பக்கமிருந்து கேட்கிறேன். அதே மேட்டில் சிறுத்தைத் தடம். அங்கே குப்பை எரிந்த சாம்பலில் கழுதைப்புலியின் தடம், முன்னங்கால் பெரிது, பின்னங்கால் சிறிது. அவற்றுக்கு நடுவே நாற்பது நாய்கள். ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் வாழ்ந்தவை எல்லாவற்றையும் ஒரே குழிக்கு, ஒரே இரவு நேரத்துக்கு, செத்த கோழியைப் போட்டு நாம் கூட்டி வந்திருக்கிறோம்.

நோய் பற்றிக் கால்நடை மருத்துவர் அவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். குஜராத்தின் கிர் காட்டில் 2018 செப்டம்பர், அக்டோபரில் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. பலவற்றின் உடலில் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது உறுதியானது. செந்நாயும் நாய்க் குடும்பம்தான். உலகம் முழுவதும் வளர்ந்த செந்நாய்கள் 2,500-க்கும் குறைவு என்பது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் மதிப்பீடு. பள்ளத்து நாய்களில் சில, கண்ணில் பீளை வடிய, தலை வெட்டி வெட்டி இழுக்க, நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். என்ன நோய் என்று சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. உங்களுக்கு இருக்கிறது. ஒரு முறை வந்து பாருங்கள்.

இனி கூண்டு. 2001-இலிருந்து 2003 வரை மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் ஊரோரச் சிறுத்தைகளைப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரியாக நான்கு பேரைத் தாக்கி வந்த இடத்தில், அந்த ஆண்டுகளில் பதினேழு பேர் வரை தாக்கப்பட்டார்கள். கொண்டுபோய் விட்ட இடத்திலும் தொல்லை வந்தது. பழக்கமில்லாத இடத்தில் விடப்பட்ட சிறுத்தை அலையும், காலியான இடத்துக்கு வேறொன்று வரும். இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2011-இல் சிறுத்தை மோதல் குறித்து வழிகாட்டுதல்களை வெளியிட்டது. சும்மா நடமாடுகிறது என்பதற்காகப் பிடிக்கக் கூடாது என்பது அதன் சாரம். வனச்சரக அலுவலருக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். ஊர் சமாதானமாக வேண்டும் என்பதற்காகக் கூண்டுக்கு ஒப்புக்கொண்டிருப்பீர்கள். அந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் இருக்கும் சிறுத்தைக்கு எங்கள் தடம் தெரியும், எங்கள் நேரம் தெரியும். புதிதாக வருவதற்குத் தெரியாது. எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் காலை ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்க அந்தப் பள்ளத்தின் ஓரமாகத்தான் நடக்கிறார்கள். கார்த்திகை, மார்கழியில் அந்த நேரம் இருட்டு.

தவறு முழுவதும் உங்கள் பக்கம் என்று நான் சொல்ல வரவில்லை. நாங்களும் ஆட்டை எல்லைக்கல் தாண்டி ஓட்டியிருக்கிறோம். 2022-இல் உயர் நீதிமன்றம் சரணாலயங்களில் மேய்ச்சலுக்குத் தடை விதித்த பிறகும் சில மாதங்கள் ஓட்டினேன். வேறு மேய்ச்சல் இல்லை. எங்கள் ஆடு தின்ற புல் மான் தின்ன வேண்டிய புல். பன்றிக்கு என்று கம்பிக் கண்ணி வைப்பவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. அதில் பன்றி மட்டும் மாட்டுவதில்லை. இதை எல்லாம் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேச நான் தயார்.

ஆனால் பொறுமை தீர்ந்தவர்கள் என்ன செய்வார்கள் என்று நினைத்துத்தான் இரவில் தூக்கம் வருவதில்லை. 2025 ஜூனில், காவிரிக்கு அக்கரையில் மலை மாதேஸ்வரன் சரணாலயத்தில் ஒரு தாய்ப்புலியும் அதன் நான்கு குட்டிகளும் செத்துக் கிடந்தன. பசு ஒன்றைப் புலி அடித்த ஆத்திரத்தில், அந்தப் பசுவின் உடலிலேயே விஷம் வைத்திருந்தார்கள். 2023 மார்ச்சில் நம் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் மாண்டன. அது காட்டுக்குள் இருந்து வந்த ஆபத்து இல்லை. இழந்தவர்கள் கேட்ட இடத்தில் பதில் கிடைக்காமல் தாங்களே முடிவெடுத்த இடம். எங்கள் டீக்கடையிலும் இப்போது குருணை மருந்து என்னும் பூச்சிக்கொல்லி விஷம் பற்றிப் பேச்சு அடிபடுகிறது. நான் கேட்டுக்கொண்டு சும்மா வரவில்லை, சண்டை போட்டுவிட்டு வந்தேன். ஒவ்வொரு முறையும் என்னால் சண்டை போட முடியாது.

காவிரி வடக்குச் சரணாலயத்தை 2014-இல் அறிவித்தீர்கள். 2022 நவம்பரில் காவிரி தெற்குச் சரணாலயத்தை, 686 சதுர கிலோமீட்டரில், அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரி காடுகளைச் சேர்த்து அறிவித்தீர்கள். அக்கரையில் இருக்கும் கர்நாடகச் சரணாலயத்தோடு இது சேர்ந்து விலங்குகள் நடமாட ஒரே பெரும் காடாகும் என்றீர்கள். நாங்கள் மகிழ்ந்தோம். சரணாலய எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கல் வெட்டக் கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலிலும் நிலைநிறுத்தியது. கல் எடுக்கக் கூடாத இடத்தில் செத்த கோழியைக் கொட்டலாமா? சூழல் நலிந்த பகுதிகளில் குப்பை நிரப்பக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். இந்த இடத்துக்கு யார் அனுமதி கொடுத்தார்கள், எந்த வரைபடத்தைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று ஊருக்குத் தெரிய வேண்டும்.

நான் கேட்பவை இவை.

தனி அலுவலர் அவர்களே, பள்ளத்தை நிரந்தரக் கிடங்காக்கும் முடிவை ரத்து செய்யுங்கள். மாற்று இடம் பார்க்க நாளாகும் என்றால், இறைச்சிக் கழிவும் செத்த கோழியும் ஏற்றிய வண்டியை நாளை முதல் திருப்பி அனுப்புங்கள். மற்ற குப்பைக்கு மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். செத்த கோழியைப் பண்ணைக்காரர்கள் தங்கள் நிலத்திலேயே சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும் என்று எழுத்தில் உத்தரவிடுங்கள். ஏற்கெனவே கிடப்பதை மண்ணிட்டு மூடுங்கள். பஸ் நிறுத்தம் வரை தெருவிளக்கு போடுவதற்கு நாங்கள் கொடுத்த மனு இரண்டு ஆண்டுகளாக உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

வனச்சரக அலுவலர் அவர்களே, கூண்டு வைக்காதீர்கள். அதற்குச் செலவிடும் பணத்தில் எங்கள் ஊரின் பட்டிகளுக்குக் கம்பி வலையும் மேல்கூரையும் போட உதவுங்கள். வேலையை நாங்களே செய்கிறோம். பள்ளத்தைச் சுற்றித் தானியங்கி கேமரா வையுங்கள், என்ன வருகிறது என்று நாங்களும் பார்க்க வேண்டும். ஆடு செத்தால் அன்றே ஒருவர் வந்து கடியைப் பார்த்து எழுதட்டும். அடுத்த நாள் வந்தால் காகம் கொத்தியது மட்டும்தான் தெரியும்.

கால்நடை மருத்துவர் அவர்களே, பள்ளத்து நாய்களுக்கும் எங்கள் தெரு நாய்களுக்கும் கருத்தடை செய்து, வெறிநாய்க்கடிக்கும் டிஸ்டெம்பருக்கும் ஊசி போடுங்கள். ஆனால் குப்பை மூடும் நாளிலேயே இதைத் தொடங்க வேண்டும். சோறு நின்றுபோன நாற்பது நாய்கள் முதலில் எங்கள் பட்டிகளுக்குத்தான் வரும். அதற்குள் அவற்றைப் பிடித்தாக வேண்டும். நாய் கடித்துச் செத்த ஆட்டுக்கும் இழப்பீடு கிடைக்க ஒரு வழி எழுதிக் கொடுங்கள்.

மூவரும் ஒன்றாக, ஒரே நாளில், அந்தப் பள்ளத்தின் மேட்டுக்கு வாருங்கள். தேதியை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒரு வாரம் முன்பே ஒட்டுங்கள். காலை ஆறு மணிக்கு வந்தால் சாம்பலில் தடங்கள் அழியாமல் இருக்கும். நான் நோட்டைக் கொண்டுவருகிறேன்.